மணியில்லாக் கோபுரம்

"திரும்பப் போடு," என்றாள் நகுலேஸ்வரி.

"இனியும் போட்டா அந்தப் பொலிஸ்காரனே கேள்வி கேட்டுக் களைச்சுப் போவான், மதாம்," என்று முணுமுணுத்தபடி சுபாஸ்கரன் மடிக்கணினியில் படத்தைப் பின்னுக்கு இழுத்தான்.

தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். பாரிஸ் நீதிமன்றங்களில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு, லண்டனுக்கு வந்து காணாமற்போனவர்களைத் தேடுவதைத் தொழிலாக்கிக்கொண்டவள் நகுலேஸ்வரி. மினிகாப் டாக்சி ஓட்டியதை விட்டுவிட்டு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன் சுபாஸ்கரன்; பாரிஸ்காரி என்பதால் அவளை 'மதாம்' என்றுதான் கூப்பிடுவான். மூன்றாமவர் அன்று காலையில் ஒரு ஆளைத் தேடித் தரச் சொல்லி வந்த சண்முகராசா. மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் பனி கொட்டியது. அது ஒரு பிரெஞ்சுத் துப்பறியும் படம். மலை உச்சியில் ஒரு சிற்றூர்; பனி பாதையை மூடிவிடுகிறது; உள்ளே அகப்பட்டவர்களில் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். ஒவ்வொரு கொலைக்கும் முன்னால் ஊர்த் தேவாலயத்தின் மணி கணீர் கணீரென்று அடிக்கிறது. பாரிசிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் விடுதிச் சமையலறைக்குள் நுழைந்து, கோப்பை கழுவுகிறவனைப் பார்த்து, "என்ன பார்த்தாய்?" என்று கேட்கிறார். அவன் திரும்பிப் பதில் சொல்கிறான்.

தமிழில் சொல்கிறான்.

"மனேச்சர் கேட்டா, நான் ஷிப்டில நிண்டனான், ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லுவன். ஆனா சேகரை அந்தச் சேர்ச் வாசலில விட்டிட்டு வந்தது நாங்கள்தான்."

கீழே ஆங்கிலத்தில் வந்த எழுத்து: நான் எதையும் பார்க்கவில்லை.

"இவ்வளவு நீட்டிச் சொன்னதுக்கு இத்தினூண்டு மொழிபெயர்ப்பு," என்றான் சுபாஸ்கரன். "மிச்சத்தைச் செலவு குறைக்கிறம் எண்டு கவுன்சில் வெட்டிப்போட்டுது போல."

அந்த இலையுதிர்காலத்தில் லண்டன் தமிழ் இளசுகளின் கைபேசிகளில் எல்லாம் இந்தத் துண்டு ஓடிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரன் படத்தில் நம்மாள் கதைக்கிறான் என்று சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பினார்கள். சேகர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"சேகர் என்ர தம்பி," என்றார் சண்முகராசா. "இத்தாலியில இருந்து மலையால பிரான்சுக்குள்ள வாற எண்டு வெளிக்கிட்டவன். வந்து சேரேல்லை. எட்டு வருசமாச்சு. உதில கதைக்கிறவனுக்கு எல்லாம் தெரியும். அவனைப் பிடிச்சுத் தாங்கோ."

"நீங்கள் அந்தப் பக்கம் போய்த் தேடேல்லையோ?"

"நான் அந்தத் திசையில காலே வைச்சதில்லை. எங்கட பொடியன் அந்த மணியில்லாக் கோபுரத்தடியில கிடந்து என்ன பாடுபட்டானோ..." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "நீங்கள் உடன பிரான்சுக்கு வெளிக்கிடுங்கோ. டிக்கெட் நான் போடுறன். ஒண்டு மட்டும். ஆளைக் கண்டதும் முதல் எனக்குச் சொல்லுங்கோ. நீங்கள் அவனோட கதைக்க வேண்டாம்."

மேசைத் தொலைபேசி அடித்தது. அந்த வருடம் மே மாதத்தில் ஊரில் போர் முடிந்ததற்குப் பிறகு அது ஓய்ந்ததே இல்லை. வன்னியில் தொலைந்தவர்களையும் முகாம்களில் அடைபட்டவர்களையும் தேடி யார் யாரோ அழைத்துக்கொண்டிருந்தார்கள். நகுலேஸ்வரி எடுத்து, "பின்னேரம் எடுக்கிறன் தங்கச்சி," என்று சொல்லி வைத்தாள். அதற்குள் சண்முகராசா கைபேசியை மூன்று நான்கு தடவை பார்த்துவிட்டார். பிறகு எழுந்து போய்விட்டார்.

"பனிச் சப்பாத்து வாங்கோணும்," என்றான் சுபாஸ்கரன். "கால் விறைச்சால் இன்சூரன்ஸ் தருமோ?"

"பஸ்ஸுக்கு ஒயிஸ்ரர் கார்ட் இருந்தாப் போதும். படத்தில கதைக்கிற அந்த ஆள் பிரான்சில இல்லை. லண்டனில இருக்கிறார்."

"என்ன மந்திரம் இது?"

"அவர்ர வாயைப் பார்த்தனியோ?"

சுபாஸ்கரன் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான். "அட, வாய் மூடினாப் பிறகும் கதைக்கிறார். என்ர மாமியார் மாதிரி."

"முகம் ஒருத்தருக்கு, குரல் வேற ஒருத்தருக்கு. படம் பிடிச்சு முடிஞ்ச பிறகு ஸ்ரூடியோவில குரலைச் சேர்த்திருக்கினம். இனிச் சொல்லைக் கேள். பிரான்சில கோப்பை கழுவுற எங்கட ஆள் முதலாளியை 'பத்ரோன்' எண்டுதான் சொல்லுவார். வேலையை 'துறவாய்' எண்டுவார். இவர் 'மனேச்சர்' எண்டுறார், 'ஷிப்ட்' எண்டுறார். உப்பிடிக் கதைக்கிறது ஆர்?"

"நான்தான்," என்றான் சுபாஸ்கரன் கையை உயர்த்தி. "ஆனா சத்தியமா நான் அந்தப் படத்தில நடிக்கேல்லை."

நகுலேஸ்வரி படத்தின் கடைசிக்குத் தள்ளச் சொன்னாள். பெயர்கள் மேலே ஏறின. ஒலிப்பதிவு, ஒலிக்கலவை: லண்டன், சோகோ.

*

சோகோவின் குறுகிய தெரு ஒன்றில், ஓவியம் வரைந்த கதவுக்குப் பின்னால் இருந்தது அந்த ஸ்ரூடியோ. ஒலிப் பொறியாளர் இசபெல், பிரான்சின் கிரெனோபிளைச் சேர்ந்தவள். நகுலேஸ்வரி பிரெஞ்சில் பேசத் தொடங்கியதும் முகம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிரெஞ்சு புரியாத சுபாஸ்கரன் இரண்டு நிமிடம் தலையாட்டிவிட்டு, காற்று வாங்க வெளியே போனான்.

"சமையலறைக் காட்சியா? நன்றாக நினைவிருக்கிறது," என்றாள் இசபெல். "நடிகரின் குரல் பாத்திரச் சத்தத்தில் அமுங்கிப் போயிருந்தது. இயக்குநர் ஒரு குரல் வேண்டும் என்றார், யாருக்கும் புரியாத மொழியில். அந்நேரம் எங்கள் துப்புரவுப் பணியாளர் தாழ்வாரத்தில் நின்றார். கிருஷ்ணராசா. உங்கள் மொழியில் 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று சொல்லுங்கள் என்று கேட்டோம்."

"உடனே சொன்னாரா?"

"இல்லை. திரையில் அந்த ஊரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஏப்ரல் மாதம் அது. வெளியே பாராளுமன்றத்துக்கு முன்னால் உங்கள் மக்கள் படங்களைத் தூக்கிக்கொண்டு நின்ற நாட்கள். அவர் வேலை முடிந்து தினமும் அங்கேதான் போவார். கொஞ்ச நேரம் கழித்துப் பேசினார். கண்ணால் நீர் வழிந்தது. நல்ல நடிப்பு என்று நாங்கள் எல்லோரும் கைதட்டினோம்." அவள் நகுலேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். "அவர் என்ன சொன்னார், மேடம்?"

நகுலேஸ்வரி சொன்னாள். இசபெல் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

"இப்போது அவர் எங்கே?" என்று கேட்டாள் நகுலேஸ்வரி.

"பதிவு முடிந்த அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டார். இங்கே இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நேரத்தோடு போக விடும்படி கேட்பார். வெஸ்ட் ஈலிங்கில் ஒரு அம்மன் கோயில், அங்கே சாப்பாடு பரிமாறுவாராம்."

அன்று வெள்ளிக்கிழமைதான். நகுலேஸ்வரி வாசலில் நின்ற சுபாஸ்கரனை உள்ளே கூப்பிட்டுப் பெயரையும் இடத்தையும் சொன்னாள். அவன் விசிலடித்துக்கொண்டு மறுபடி வெளியே போனான். அவள் புறப்பட எழுந்தபோது திரையில் அந்த ஊர் உறைந்து நின்றது. பனி மூடிய கூரைகள், நடுவே கூரான கோபுரம்.

"மணிச்சத்தம்தான் படத்தின் உயிர்," என்றாள் நகுலேஸ்வரி, போகிற போக்கில்.

"அதுவும் பொய்தான்," என்றாள் இசபெல். அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். மணி நின்று காற்று மட்டும் கேட்டது. "அந்தக் கோபுரத்தில் மணியே இல்லை. உலகப் போர்க் காலத்தில் இறக்கினார்களாம், திரும்ப ஏற்றவேயில்லை. எல்லா மணியும் இந்த அறையில் நாங்கள் சேர்த்தது."

நகுலேஸ்வரி கைப்பையைத் தோளில் மாட்டப் போனவள் அப்படியே நின்றாள். பிறகு ஓட்டமாக வெளியே வந்தாள்.

சுபாஸ்கரன் பெருமையோடு கைபேசியை மூடிக்கொண்டிருந்தான். "சண்முகராசா அண்ணைக்குச் சொல்லிப்போட்டன். ஆள் வெஸ்ட் ஈலிங் கோயிலில, பேர் கிருஷ்ணராசா எண்டு. சந்தோசத்தில நன்றியும் சொல்லாமல் கட் பண்ணிப்போட்டார்."

"நாசம்," என்றாள் நகுலேஸ்வரி.

*

சென்ரல் லைன் ரெயில் அன்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று மூச்சு வாங்கியது. நகுலேஸ்வரி உட்காரவில்லை. கதவருகே நின்று, நிலத்துக்கடியில் சிக்னல் இல்லாத கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"படம் பார்க்கிற எல்லாருக்கும் அந்த ஊரில மணி இருக்கு," என்றாள். "அடிக்கிறது காதில விழுது. அந்த ஊரில காலே வைக்காத மனுசன் 'மணியில்லாக் கோபுரம்' எண்டு சொன்னது எப்பிடி?"

சுபாஸ்கரன் அவள் பக்கம் திரும்பினான். "அப்ப அவர் அங்க போயிருக்கிறார்."

"போனது மட்டுமில்லை. கிட்ட நிண்டு அண்ணாந்து பார்த்திருக்கிறார். தம்பியைத் தேடிப் போயிருந்தா எங்களிட்டச் சொல்லியிருப்பார். மறைக்கிறார் எண்டா சேகரோட போயிருக்கிறார். ஆக்களை மலையால கூட்டிக்கொண்டு போற ஏஜென்சி ஆர் எண்டு நினைக்கிறாய்? நடந்ததைச் சொல்லிப்போட்ட சாட்சியின்ர வாயை மூடத்தான் எங்களைப் பிடிச்சவர்."

"நான் அந்த ஆளுக்கு விலாசமே குடுத்திட்டன்."

"ஓம்."

"அவர் எங்க நிண்டு போனை எடுத்தவர் தெரியுமோ? அவர்ர வீடு இருக்கிற குரொய்டனில இல்லை. பின்னால காரில வழி சொல்லுற மிசின் 'ஹேங்கர் லேன்' எண்டு கத்திச்சுது." அவன் குரல் இறங்கியது. "மதாம், அது ஈலிங்குக்குப் பக்கத்தில."

அதற்குப் பிறகு அவன் ஒரு பகிடியும் விடவில்லை. ஈலிங் ப்ரோட்வேயில் இறங்கியதும் பஸ் வரிசையைத் தாண்டி மழைக்குள் ஓடினான். அவள் பின்னால் ஓடினாள்.

கோயில் வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தெரு முழுவதும் கார்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றன. உள்ளே, சாப்பாட்டு வரிசையின் தலைப்பில், பெரிய அண்டாவிலிருந்து சாம்பார் வார்த்துக்கொண்டு நின்ற ஒல்லியான மனிதரின் முன்னால் போய் நின்றாள் நகுலேஸ்வரி.

"இண்டைக்குக் கூட்டம் கூட, அம்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ," என்றார் அவர்.

அதே குரல்.

"கிருஷ்ணராசா அண்ணை, சேகரைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறன். அவர்ர தமையன் உங்களைத் தேடுறார்."

கரண்டி அண்டாவில் விழுந்தது. "சேகருக்குத் தமையன் இல்லை. ஒரே ஒரு அக்கா. யோகமலர். பாரிசில இருந்தவா. அவவிட்டப் போறதுக்குத்தான் அவன் வந்தவன்."

அவரைச் சமையலறைப் பக்கமாக அழைத்துப் போனார்கள். அவர் சுவரில் சாய்ந்தபடி தாழ்ந்த குரலில் சொன்னார். இத்தாலியிலிருந்து ஒரு வான் வண்டியில் வந்தவர்களை எல்லைக்கு முன்னால் இறக்கி, பனிக்குள் நடத்திக் கூட்டிப் போனான் ஏஜென்சிக்காரன். சேகருக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. நடக்க முடியவில்லை. ஊரைக் கண்டதும் அவனைத் தேவாலய வாசலில் கிடத்தச் சொன்னான் ஏஜென்சிக்காரன். கதவைத் தட்டுவோம் என்று கிருஷ்ணராசா கெஞ்சினார். தட்டினால் விளக்குப் போடுவார்கள், எல்லோரும் பிடிபடுவோம், விடியச் சாமியார் வருவார் என்று இழுத்துக்கொண்டு போனான். பிறகு கேட்டபோதெல்லாம் சேகர் சுகம், ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றான்; அக்காவோடும் தொலைபேசியில் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னான்.

"நான் நம்பினன். நம்பத்தான் விரும்பினன்," என்றார். "ஸ்ரூடியோவில அந்தக் கோபுரத்தைக் கண்ட உடன என்ர வாய் என்ர சொல்லுக் கேக்கேல்லை."

"ஏஜென்சியின்ர பேர்?"

"எங்களுக்கு 'மாஸ்ரர்' எண்டுதான் தெரியும். கண்டா அடையாளம் காட்டுவன். ஆனா எனக்கு விசா இல்லை, அம்மா. பொலிசுக்குப் போனா என்னை முதல் பிளேனில ஏத்திப் போடுவாங்கள்."

சுபாஸ்கரன் வாசலிலிருந்து ஓடி வந்தான். "வந்திட்டார். ட்ரபிக்கில மாட்டி இப்பதான் காரை விட்டவர், சப்பாத்துக் கழற்றுறார்."

நகுலேஸ்வரி சுற்றிலும் பார்த்தாள். ஒரு பெண் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அன்ரி, ஒரு நிமிசத்துக்கு நீங்கள் யோகமலரா இருக்க ஏலுமோ?"

"எந்த யோகமலர்?"

"அது உங்களுக்குத் தெரியத் தேவையில்லை. ஒண்டும் கதைக்காமல் என்னோட நில்லுங்கோ."

சண்முகராசா மழைத்துளிகளைத் தட்டிக்கொண்டு வேகமாக வந்தார். கண்கள் கூட்டத்தில் அலைந்தன. நகுலேஸ்வரியைக் கண்டதும் ஒரு கணம் தடுமாறி, பிறகு சிரித்தார். "நீங்களும் வந்திட்டியளோ? ஆள் எங்க?"

"ஆளை விடுங்கோ. அதைவிட நல்ல செய்தி. இஞ்ச பாருங்கோ, உங்கட யோகமலர்!"

அவர் முகத்தில் ஓடியதை நகுலேஸ்வரி கண் இமைக்காமல் பார்த்தாள். சேகருக்கு அப்படி ஒரு சகோதரி இல்லை என்று சொல்ல முடியாது. அவளோடு தொலைபேசியில் பேசி ஏமாற்றியவரே அவர்தான். ஆனால் முகம் பார்த்ததில்லை. தயங்கியது ஒரு மூச்சு நேரம். பிறகு கைகளை விரித்தார்.

"மலர்! பாரிசில இருந்து எப்ப பிள்ளை வந்தனி? மெலிஞ்சு போனாய்!"

"நான் பாரிசைக் கண்ணாலயும் காணேல்லை, தம்பி," என்றாள் அந்தப் பெண். "சவுத்ஹோலில இருந்து இருநூற்றி ஏழாம் பஸ்ஸில வந்தனான். மெலிஞ்சிட்டன் எண்டு சொன்னதுக்கு மட்டும் நன்றி."

யாரோ சிரித்தார்கள். சண்முகராசா சிரிக்கவில்லை. அவருடைய பார்வை நகுலேஸ்வரியைத் தாண்டிப் போயிருந்தது. சமையலறை வாசலில் கிருஷ்ணராசா நின்றார்.

"மாஸ்ரர்," என்றார் கிருஷ்ணராசா.

"உனக்கு விசா இருக்கோ?" சண்முகராசாவின் குரல் மிக மெதுவாக வந்தது. "ஒரு போன் எடுத்தாக் காணும். நாளைக்கே கொழும்பு பிளேனில இருப்பாய். யோசிச்சு வாயைத் திற."

கிருஷ்ணராசாவின் கையில் சாம்பார் வழிந்திருந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, பரிமாறுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, திரைப்படத்தில் சொன்னதையே உரத்துச் சொன்னார். இம்முறை மனேச்சரையும் ஷிப்டையும் விட்டுவிட்டார். "சேகரைச் சேர்ச் வாசலில விட்டிட்டு வந்தது நாங்கள். விடச் சொன்னது இவர். பொலிசைக் கூப்பிடுங்கோ. நான் நிக்கிறன்."

சண்முகராசா பின்னுக்கு நகர்ந்து, திரும்பி, வாசலை நோக்கி ஓடினார். ஒருவரும் அவரைத் தொடவில்லை. அவருடைய கார் இருபக்கமும் நெருக்கி நிறுத்தப்பட்ட வான்களுக்கு நடுவில் அசைய முடியாமல் நின்றது. முன்னும் பின்னும் இடித்துக்கொண்டு அவர் ஸ்ரியரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே பொலிஸ் வந்தது. சுபாஸ்கரன் மழையில் நனைந்தபடி பொனட்டில் சாய்ந்து நின்றான்.

*

கிருஷ்ணராசா அன்றே வாக்குமூலம் கொடுத்தார். அவரை அனுப்பிவிடுவார்களா, சாட்சியாக வைத்துக்கொள்வார்களா என்று வழக்குப் பார்க்கும் சொலிசிற்றராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "பரவாயில்லை, அம்மா," என்றார் அவர். அந்த இரவு நன்றாக நித்திரை கொண்டதாகச் சொன்னார்.

யோகமலரைக் கண்டுபிடிக்க நகுலேஸ்வரிக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பாரிசிலிருந்து லண்டனுக்கு மாறிய குடும்பங்களிடம் விசாரித்ததில், அவள் விம்பிள்டனில் இருப்பது தெரிந்தது. திங்கட்கிழமை காலை அவள் தோர்ண்டன் ஹீத் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தாள். முடி நரைக்கத் தொடங்கிய, அமைதியான பெண்.

"அவன் என்னோட கோவிச்சுக்கொண்டு போட்டான் எண்டுதான் அந்த ஆள் சொன்னவர்," என்றாள். "பிரான்சுக்கு வந்து சேர்ந்திட்டான், உங்களோட கதைக்க விருப்பமில்லையாம் எண்டு. நான் அதையே நம்பிக்கொண்டிருந்தன்."

நகுலேஸ்வரி அந்த மலை ஊரின் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்து, யோகமலருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தாள். எடுத்தது வயதான குரலுடைய ஒரு பெண். நகுலேஸ்வரி கேட்டதைக் கேட்டுவிட்டு அவள் பதிவேடு எதையும் தேடிப் பார்க்கப் போகவில்லை. எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது.

விடியற்காலையில் பேக்கரிக்காரர் அவனைக் கண்டாராம். பாதை மூடியிருந்ததால் ஆம்புலன்ஸ் ஏறி வர முடியவில்லை. ஊர்த் தாதி தன் வீட்டுக்குக் கொண்டுபோய் நெருப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். மறுநாள் மாலை இறந்துபோனான். தனியே இருக்கவில்லை, கடைசிவரை அவன் கையை யாராவது பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நகுலேஸ்வரி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். யோகமலர் அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"பெயர் தெரியாமல் புதைத்திருப்பீர்கள்," என்றாள் நகுலேஸ்வரி பிரெஞ்சில். "அவர் பெயரைச் சொல்லத்தான் அழைத்தேன்."

"இல்லை, மேடம். பெயர் தெரியும்," என்றாள் மறுமுனைப் பெண். "அவரேதான் சொன்னார். காய்ச்சலில் அந்தப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத்தான் கல்லில் வெட்டியிருக்கிறோம்."

"என்ன பெயர்?"

"அக்கா."

நகுலேஸ்வரி மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. சுபாஸ்கரன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தவறாக எழுதிவிட்டோமா?" என்று கேட்டது தொலைபேசி. "திருத்த வேண்டுமென்றால் சொல்லுங்கள்."

நகுலேஸ்வரி கேள்வியைச் சொன்னாள். யோகமலர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். பிறகு கைகளை எடுத்தாள்.

"திருத்த வேண்டாமெண்டு சொல்லுங்கோ," என்றாள். "அது அப்பிடியே இருக்கட்டும். அதுக்குக் கீழ சேகர் எண்டு எழுதச் சொல்லுங்கோ. நான் வாறன்."